ஒரே அணுக்கள், இரண்டு குணங்கள்: கஞ்சாவுக்குள் என்ன இருக்கிறது?

[திரையில்: பெண் பூவின் நுனி, நுண்ணோக்கி வழியே. பளபளக்கும் சிறு ரோமங்கள்.]

கஞ்சாச் செடியின் பெண் பூக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், பூ முழுக்கப் பொடி ரோமங்கள் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் பிசின் நிறைந்த ஒரு சின்ன உருண்டை. கன்னாபினாய்டுகள் எனப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் பெரும்பாலும் இங்கேதான் உருவாகின்றன. அவற்றில் டிஎச்சி, சிபிடி என்ற இரண்டைப் பற்றி இன்று பார்ப்போம்.

[திரையில்: இரண்டு மூலக்கூறுகள் அருகருகே.]

இரண்டிலும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். ஓர் அணுகூடக் கூடக் குறைய இல்லை. டிஎச்சியில் ஆக்சிஜன் ஒன்று வளைந்து வந்து ஒரு வளையத்தை மூடியிருக்கிறது. சிபிடியில் அந்த வளையம் மூடாமல் கிடக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் டிஎச்சி போதை தரும், சிபிடி தராது.

இது தெரியவர ரொம்பக் காலம் பிடித்தது. மார்ஃபினும் கோகெய்னும் 19ஆம் நூற்றாண்டிலேயே தனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. கஞ்சாவில் இருந்ததோ ஒன்றோடொன்று ஒட்டிய எண்ணெய்க் கலவை, லேசில் பிரியவில்லை. இஸ்ரேலைச் சேர்ந்த வேதியியலாளர் ரஃபேல் மெச்சூலம், போலீஸ் பறிமுதல் செய்திருந்த 5 கிலோ லெபனான் ஹஷீஷை, அதாவது கஞ்சாப் பிசினைக் கேட்டு வாங்கி, பஸ்ஸிலேயே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். 1963இல் சிபிடியின் அமைப்பு தெளிவானது. அடுத்த ஆண்டு, சக ஆய்வாளர் யெஹீல் கவோனியுடன் சேர்ந்து டிஎச்சியைப் பிரித்தெடுத்தார்.

[திரையில்: மூளையின் குறுக்குவெட்டு. ஒவ்வொரு பகுதியாக ஒளிர்கிறது.]

சரி, டிஎச்சி உள்ளே போய் என்ன செய்கிறது? நம் நரம்பு செல்களில் சிபி1 என்ற ஏற்பிகள், அதாவது வேதிச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் புரதங்கள், இருக்கின்றன. அவை நம் உடலே சுரக்கும் ஆனந்தமைடு போன்ற பொருட்களுக்காக உள்ளவை. ஆனந்தமைடு தேவைப்படும் இடத்தில் உருவாகி, வேலை முடிந்ததும் சீக்கிரமே சிதைந்துவிடும். டிஎச்சி அப்படியில்லை. மூளை முழுக்கப் பரவி, அதே ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும்.

நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் அது பட்டால், பேச ஆரம்பித்த விஷயம் பாதியிலேயே மறந்துபோகும். சிறுமூளையில் பட்டால் உடலின் ஒருங்கிணைப்பு தளரும். அந்த நிலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து. பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸில் பட்டால் பசி கிளம்பும். பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டாலாவில் பட்டால் சிலருக்கு நிம்மதி, சிலருக்குக் காரணமே இல்லாத பயம். மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டில் சிபி1 குறைவு என்பதால், ஹெராயின் போல மூச்சை நிறுத்திக் கொல்வது இதில் மிக அரிது. அதை வைத்து இது ஆபத்தில்லாதது என்று சொல்பவர்கள் இதயத் துடிப்பு எகிறுவதையும் மனநோயையும் மறந்துவிடுகிறார்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த இடத்தைக் கவனியுங்கள். மூளை இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் அடிக்கடி, அதுவும் டிஎச்சி அதிகமுள்ள சரக்கைப் பயன்படுத்துபவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் கூடும்.

[திரையில்: கடிகாரம். பக்கத்தில் கல்லீரல்.]

புகைத்தால் சில நிமிடங்களில் ஏறிவிடும். சாப்பிட்டால் கணக்கே வேறு. குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போகும் டிஎச்சி, அங்கே 11-ஹைட்ராக்சி டிஎச்சியாக மாறுகிறது. இதுவும் வீரியமுள்ள போதைப்பொருள்தான். வேலையைக் காட்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். "ஒன்னும் ஆகலையே" என்று இன்னொரு உருண்டை பாங்கு (அரைத்த கஞ்சா) சாப்பிடுபவர் மாட்டிக்கொள்வது இதனால்தான். முதல் உருண்டையும் இரண்டாவதும் சேர்ந்து தாக்கும்போது வாந்தி, படபடப்பு, செத்துவிடுவோமோ என்கிற பீதி எல்லாம் வரும்.

கஞ்சாவின் வாசனைக்குக் காரணம் டெர்பீன்கள் என்ற எளிதில் ஆவியாகும் சேர்மங்கள். அவற்றில் ஒன்றான கேரியோஃபிலீன் நம் அஞ்சறைப்பெட்டி மிளகிலும் இருக்கிறது. டெர்பீன்கள் போதையை மாற்றுகின்றன என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். ஆதாரம் இன்னும் வலுவாக இல்லை.

[திரையில்: மருந்துப் புட்டி, அளவு ஊசிக்குழாய்.]

அப்புறம் சிபிடி. இது சிபி1 ஏற்பியை நேரடியாகத் தூண்டுவதில்லை. டிராவே நோய்க்குறி என்று ஒரு கொடிய வலிப்பு உண்டு; குழந்தைக்கு ஒரு வயது நிரம்பும் முன்பே ஆரம்பித்துவிடும், வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் அடங்காது. அதற்கும் லெனாக்ஸ்-காஸ்டாட் நோய்க்குறி என்ற இன்னொரு கடும் வலிப்புக்கும் சுத்திகரித்த சிபிடியை 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்தது. குழந்தையின் எடையைக் கணக்கிட்டு, ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கொடுப்பார்கள். கல்லீரல் நொதிகள் உயரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். குளோபசாம் என்ற வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் அதன் வீரியத்தைக் கூட்டி, பிள்ளையை எந்நேரமும் தூங்கவைத்துவிடும். அதனால் ஆன்லைனில் பார்த்த சிபிடி எண்ணெயை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பிள்ளை சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.