அப்பாவின் இருமலும் பெரியப்பாவின் நரையும்

(வடமராட்சியில் ஒரு சனசமூக நிலையத்தில், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

முப்பது வருடம் நான் உயிரியல் படிப்பித்தவன். உயிர்க்கலத்துக்குள் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் நிறமூர்த்தம், அதன் ஒரு பகுதியான பரம்பரையலகு, அதில் நேரும் மாற்றமான விகாரம் என்று கரும்பலகையில் எழுதியே காலம் போனது. அந்தச் சொற்கள் எங்கள் வீட்டுக்குள்ளேயே உயிரோடு நடமாடின என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

அப்பாவுக்கு 58 வயதில் வரட்டிருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. கிணற்றடியிலிருந்து வாளியோடு வருகிறவர் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவார். முட்டு வருத்தம் என்று பம்ப் கொடுத்தார்கள். பிறகு கசமாக இருக்குமோ என்று சளியைச் சோதித்தார்கள். மூன்று வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் ஒரு டொக்டர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அப்புறம் கைவிரல்களைத் திருப்பிப் பார்த்தார். நகங்கள் குவிந்து, நுனிகள் பருத்திருந்தன. சி.டி. ஸ்கேனில் சுவாசப்பையின் அடிப்பகுதி தேன்கூடு மாதிரித் துளைதுளையாகத் தெரிந்தது. நுரையீரல் நாராகும் வருத்தம் என்றார்.

சுவாசப்பையில் கோடிக்கணக்கான சிற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. அதனால்தான் ஒட்சிசன் இரத்தத்துக்குள் போக முடிகிறது. அந்தச் சுவரில் காயம்பட்டு, காயம் தழும்பாக ஆறினால் சுவர் தடிக்கிறது, இறுகுகிறது. விழுந்த தழும்பு பிறகு மாறுவதில்லை.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று டொக்டர் கேட்டார். "இல்லை" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தை எனக்கே தெரிந்திருக்கவில்லை.

அப்பப்பாவும் இருமி இருமித்தான் போனவர். சுருட்டுப் பத்துகிறவர் என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பெரியப்பாவுக்கு 25 வயதுக்குள் தலை நரைத்துவிட்டது. பிறகு ஈரல் சுருங்கி இறந்தார். மாமிக்கு இரத்தம் ஊறவில்லை என்று அடிக்கடி இரத்தம் ஏற்றினார்கள். மூன்றும் மூன்று கதைகள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ரொறொன்ரோவில் இருக்கும் என் தம்பிக்கும் அதே இருமல் வந்து, அங்கே பரம்பரையலகைச் சோதித்த பிறகுதான் அவை ஒரே கதை என்று தெரிந்தது.

பனையோலைக் கடகம் எல்லாருக்கும் தெரியும். விளிம்பை மடக்கி நார் வைத்துக் கட்டாவிட்டால் ஓலை பிரிந்துவிடும். நிறமூர்த்தத்தின் நுனியிலும் அப்படி ஒரு கட்டு இருக்கிறது. அதற்கு டெலோமியர் என்று பெயர். டி.என்.ஏ. எழுத்துகளில் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்து ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். கலம் பிரியும் ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் தேயும். தேய்ந்ததை நீட்டிக் கொடுக்கும் நொதியத்தை, டெலோமரேஸை, குளத்து நீரில் வாழும் ஓர் ஒருகல உயிரில் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் 1984இல் கண்டார்கள். 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2007இல், நுரையீரல் நாராகும் குடும்பங்கள் சிலவற்றில் இந்த நொதியத்தை உண்டாக்கும் பரம்பரையலகுகளிலேயே விகாரம் இருப்பது தெரியவந்திருந்தது.

டெலோமியர் கட்டையானால் கலம் பிரிய மறுக்கும். சிற்றறையின் உட்சுவரைப் புதுப்பிக்கும் கலங்கள் ஓய்ந்துபோகும். புதுத்தோல் வரவேண்டிய இடத்தில் தழும்பு வரும். அதே குறை என்பு மச்சையில் என்றால் இரத்தம் ஊறாது. ஈரலில் என்றால் ஈரல் சுருங்கும். மயிரில் என்றால் இளநரை. பெரியப்பாவைக் குடிகாரர் என்று ஊர் சொன்னது. அவர் கள்ளுக்கூடத் தொட்டதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே பெரியம்மா இருபது வருடம் வாழ்ந்தார். அதை இந்த மேடையில் சொல்லத்தான் நான் இன்று வந்தேன்.

இந்த விகாரம் தாயிடமோ தகப்பனிடமோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. விகாரம் வந்தவர் எல்லாருக்கும் வருத்தம் வருவதில்லை. ஆனால் பெற்றவரின் தேய்ந்த டெலோமியரும் பிள்ளைக்குச் சேர்ந்து போவதால், அடுத்த தலைமுறையில் வருத்தம் இளவயதிலேயே தலைகாட்டலாம். அப்பப்பாவுக்கு எழுபதில் வந்தது, அப்பாவுக்கு 58இல், தம்பிக்கு 49இல்.

இந்த வருத்தம் குடும்பத்தில் வருவதற்கு வேறு வழிகளும் உண்டு. மூச்சு விடும்போது சிற்றறை ஒட்டிப்போகாமல் காக்கும் ஒரு பூச்சு இருக்கிறது. அதன் புரதம் ஒன்று பிழையாக மடிந்து, அதை உண்டாக்கும் கலத்தையே நசிப்பதால் வரும் குடும்ப வருத்தத்தை 2001இல் விவரித்தார்கள். அது குழந்தையையும் பிடிக்கும், பெரியவரையும் பிடிக்கும். அந்தப் பூச்சோடு தொடர்புள்ள இன்னொரு பரம்பரையலகில், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். மச்சான் மச்சாள் கலியாணம் நடக்கும் எங்கள் ஊரில் அதை நினைவில் வைத்திருப்பது நல்லது. 2011இல் கண்ட ஓரெழுத்து மாற்றம் வேறு மாதிரி. அது சளிப் புரதத்தைக் கூட்டுகிறது, ஐரோப்பியரிடம் பரவலாக இருக்கிறது. ஆனால் அது உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் சுகமாகவே வாழ்ந்து முடிக்கிறார்கள். குடும்பத்தோடு வரும் இந்த வருத்தத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு குடும்பத்தில்தான் காரணமான விகாரத்தைக் கையால் சுட்டிக்காட்ட முடிகிறது.

சரி, தெரிந்து என்ன செய்வது? நிறையச் செய்யலாம். நிண்டெடனிப், பிர்ஃபெனிடோன் என்ற இரண்டு மருந்துகள் தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும். பழைய தழும்பை அழிக்காது. ஆகவே முந்திப் பிடித்தால் பலன் கூட. இன்னொன்றும் முக்கியம். ஒருகாலத்தில் பிரெட்னிசோன், அசதயோபிரின் என்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் நடந்த பரிசோதனை ஒன்றில் அவற்றை எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2011இல் அந்தச் சிகிச்சையை இடையில் நிறுத்தினார்கள். டெலோமியர் கட்டையானவர்களுக்குத்தான் அது கூடுதலாகக் கெடுதல் செய்தது என்று பின்னர் தெரிந்தது. எந்தக் குடும்பம் என்று தெரியாமல் மருந்து எழுதினால் நடக்கக்கூடியது இதுதான்.

இங்கே சம்பந்தம் பேசும்போது வருத்தத்தை மறைப்போம். எனக்கு அது விளங்கும். எங்கள் வீட்டிலும் மறைத்தார்கள், பிள்ளைகளின் நன்மைக்கென்றே மறைத்தார்கள். அதோடு பாதிச் சனம் கனடாவிலும் லண்டனிலும் பிரான்ஸிலும். சித்தப்பா எதில் போனார் என்று மருமகனுக்குத் தெரியாது. இந்த விகாரம் இருக்கிற பிள்ளை சுருட்டோ சிகரெட்டோ பத்தினால் நிலைமை இன்னும் மோசம். அவனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

நான் ஒரு கொப்பித் தாளில் எங்கள் குடும்பத்தை அப்பப்பாவிலிருந்து கீறி வைத்திருக்கிறேன். பெயர், வயது, நரைத்த வயது, இருமல், ஈரல், இரத்தம். வவுனியாவுக்குக் கலியாணம் கட்டிப்போன ஒரு சித்தப்பாவின் கிளை மட்டும் வெறுமையாக இருக்கிறது, அவர்களைத் தேடுகிறேன். பின்னால் அந்த மேசையில் வெறும் தாள்களும் பேனைகளும் வைத்திருக்கிறேன். தேநீர் குடித்துக்கொண்டே உங்கள் வீட்டுக் கதையையும் கீறலாம். அம்மம்மாமார் வந்திருந்தால் முதலில் அவர்களைக் கதிரையில் இருத்துங்கள். அவர்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்.