அவோமோரி குளிரும் வெள்ளை நூலும்: ஜப்பான் சாதாரண ஜனங்களோட துணி

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஜப்பான் துணி பத்தி பேசுவோம். விலை உயர்ந்த பட்டு கிமோனோ பக்கம் போகல, வயல்ல குனிஞ்சு வேலை செஞ்சவங்க உடுத்தினது, ராத்திரி அவங்க போத்திக்கிட்டது, இன்னைக்கும் அங்க திருவிழாவுல ஆளுங்க தலையில கட்டிக்கிட்டு நிக்கிறது, அந்தத் துணிங்க பத்திதான் இந்த வீடியோ.

முதல்ல மேப்பைப் பாருங்க. இது ஹோன்ஷூ, ஜப்பானோட பெரிய தீவு, இதோட வடக்கு நுனியில இருக்கிறதுதான் அவோமோரி. உலகத்துலயே ரொம்ப அதிகமா பனி கொட்டுற இடங்கள்ல இதுவும் ஒண்ணு. இந்தக் குளிருக்குப் பருத்திச் செடி வராது. அதனால ஜனங்க ஹெம்ப் செடியை வளர்த்து, நார் உரிச்சு, நூலாக்கி, வீட்டுத் தறியிலயே நெய்து போட்டுக்கிட்டாங்க. ஹெம்ப் துணி வெயில் காலத்துக்கு அருமையா இருக்கும், இழைக்கு இழை இடைவெளி இருக்கிறதால காத்து தாராளமா உள்ள வரும். ஆனா ஜனவரி மாசம் பனிக்காத்தும் அதே ஓட்டை வழியாதான் உள்ள வரும், யோசிச்சுப் பாருங்க.

சரி, வெளியூர்ல இருந்து வர்ற பருத்தியை வாங்கி உடுத்தலாமேன்னா அதுக்கு ஏழைங்ககிட்ட காசு கிடையாது, காசு இருந்தாலும் அனுமதி கிடையாது. அந்தப் பகுதியை ஆண்ட சுகாரு அரசு 1724-ல ஒரு சிக்கன உத்தரவு போட்டுச்சு, விவசாயிங்க பருத்தி உடுத்தக் கூடாது, ஹெம்ப்தான் போடணும்னு. இந்தக் கட்டுப்பாட்டுக்கும் இந்தக் குளிருக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட பொம்பளைங்க கையில உருவானதுதான் கோகின்னு சொல்ற தையல் வேலை.

இப்ப ஸ்கிரீன்ல க்ளோஸ் அப் பாருங்க. கருநீலத் துணி, மேல வெள்ளை நூல்ல டைமண்ட் டைமண்டா டிசைன். பாத்தா எம்ப்ராய்டரின்னு தோணும், ஆனா இது முதல்ல அழகுக்காகப் போட்டது இல்ல. ஊடை, அதாவது குறுக்கு இழை, போற திசையிலயே ஊசியை ஓட்டி, நெடுக்கால போற பாவு இழையை ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒற்றைப்படையில எண்ணி எண்ணிக் கோத்துக்கிட்டே போறாங்க, ஒரு வரி முடிஞ்சா அடுத்த வரி, அதுக்கு அடுத்தது, துணியில இருக்கிற ஓட்டை எல்லாத்தையும் நூலாலயே அடைக்கிறாங்க. முதல்ல ஹெம்ப் நூல்லயே போட்டாங்க, அப்புறம் பருத்தி நூல் கிடைக்க ஆரம்பிச்சதும் வெள்ளைப் பருத்தி நூலுக்கு மாறினாங்க. அடர்த்தியா தைச்ச இடம் தடிமனாவும் கதகதப்பாவும் ஆகிடும், சீக்கிரத்துல கிழியாது. இன்னும் ஒரு விஷயம் பாருங்க, ஹிரோசாக்கி ஊருக்கு மேற்கால இருந்தவங்க முதுகுல சுமை தூக்குறவங்க, அதனால அவங்க சட்டையில தோள்பட்டையில மட்டும் நெருக்கமா கோடு கோடா தைச்சிருப்பாங்க, கயிறு அழுத்துற இடம் தேயாம இருக்கறதுக்கு. கிழக்குப் பக்கத்துக்காரங்க துணி கொஞ்சம் முரடா இருக்கும், டிசைன் பெருசு பெருசா இருக்கும். வடக்கால கனாகி பக்கம் மூணு பட்டையா வர்ற இன்னொரு வகை இருக்கு, அதுல மிச்சம் இருக்கிற பழைய துணி ரொம்பக் கொஞ்சம்தான். சட்டையைப் பாத்தே ஆளு எந்தப் பக்கம்னு சொல்லிடலாம்.

டிசைனுக்கு அவங்க வெச்சிருக்கிற பேரும் சுத்தி இருக்கிற பொருளோட பேருங்கதான். பூனைக் கண்ணு, பட்டாம்பூச்சி, சுரைக்குடுக்கை, குதிரைக் கடிவாளம், பீன்ஸ் கொட்டை. இந்தச் சின்னச் சின்ன உருவங்களைத்தான் சேத்து சேத்து பெரிய டிசைனாக் கொண்டு வர்றாங்க. பனி விழுந்து வயல் மூடிக்கிடக்கிற மாசங்கள்ல அடுப்பு வெளிச்சத்துல உக்காந்து எண்ணி எண்ணி போட்ட கணக்கு இது. ஒரு இழை தப்பினா டைமண்ட் கோணிக்கிட்டுப் போகும். எனக்கு இதுல மனசு போய் நிக்கிற இடம் என்னன்னா, ஓட்டையை அடைக்கணும்னா சும்மா நேர்கோடா அடைச்சிருந்தாலே போதும், வேலை முடிஞ்சிருக்கும், குளிரும் நின்னிருக்கும். அவங்க அதோட நிறுத்தல.

பக்கத்துல அதே அவோமோரியில நன்பு பகுதி, அங்க இரட்டைப்படையில எண்ணுவாங்க, ரெண்டு, நாலு, ஆறு. கோகின்ல டைமண்ட் உயரமா நிக்கும், நன்புல அகலமா படுத்துக்கும். எண்ணுற முறையில இருக்கிற ஒரே ஒரு வித்தியாசம், டிசைனோட முகமே மாறிடுது.

1891-ல டோக்கியோவுல இருந்து அவோமோரிக்கு ரயில் வந்துடுச்சு. ரயில்ல பருத்தித் துணி வந்துச்சு, விலை குறைஞ்சுச்சு, பழைய தடையும் அதுக்கு முன்னாடியே போயாச்சு. அப்புறம் யாரு உக்காந்து இழை எண்ணுவா? கோகின் கிட்டத்தட்ட நின்னே போச்சு. அதை நான் குறை சொல்ல மாட்டேன், கதகதப்பான சட்டை கடையில கிடைக்கிறப்ப அந்தப் பொம்பளைங்க கண்ணுக்கும் விரலுக்கும் ஓய்வு கிடைச்சது நல்ல விஷயம்தான். திரும்ப இதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தவங்கள்ல முக்கியமானவர் யானகி சோய்ட்சு. சாதாரண ஜனங்க தினசரி புழக்கத்துக்குச் செய்யுற பொருள்லதான் பெரிய அழகு இருக்குன்னு 1920-கள்ல ஒரு இயக்கமே ஆரம்பிச்சவர். 1936-ல டோக்கியோ கோமாபாவுல நாட்டுப்புறக் கைவினை மியூசியம் திறந்தாரு, இன்னைக்கும் இருக்கு, டோக்கியோ போனா போயே ஆகணும். கோகின் போடுறதைப் பாக்கணும்னா ஹிரோசாக்கியில கோகின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கு, மேகாவா குனியோன்னு பெரிய கட்டடக் கலைஞர், அவரோட முதல் கட்டடம் அது, 1932-ல கட்டினது.

(இந்த இடத்துல ஒட்டுப் போட்ட பழைய போர்வையோட போட்டோ வரும்)

இது இன்னொரு கதை. இந்த போட்டோவுல எத்தனை துண்டு இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சா விட்டுடுவீங்க. ஒட்டுக்கு மேல ஒட்டு, அது கிழிஞ்சா அதுக்கும் மேல ஒட்டு. இதுதான் போரோ. ஒசாகா பக்கத்துல இருந்து கப்பல்கள் ஜப்பான் கடல் ஓரமாவே வடக்கே வரும், அதுல பழைய துணி, பருத்திக் கந்தல் எல்லாம் சரக்கா வந்து இறங்கும். உள்ளங்கை அளவு பருத்தித் துண்டு கூட வீணாகாது, வாங்கிட்டு வந்து ஹெம்ப் மேல வெச்சுத் தைப்பாங்க. அப்புறம் டோன்ஜான்னு ஒண்ணு, போத்திக்கிட்டுத் தூங்குற சட்டைன்னு வெச்சுக்கோங்க, உள்ள ஹெம்ப் நார்க் கழிவை அடைச்சுத் தைச்சு பத்து கிலோவுக்கும் மேல எடை வரும், குடும்பமே அதுக்குள்ள ஒட்டிப் படுத்து ஒருத்தர் உடம்புச் சூட்டுல ஒருத்தர் தூங்குவாங்க.

இதைச் சேகரிச்சு வெச்சவர் தானாகா சூசாபுரோ, அவோமோரிக்காரர், 2013-ல காலமானாரு. கிராமம் கிராமமா நடந்து, கிழவிங்ககிட்ட உக்காந்து பேசி, துணியையும் அதோட கதையையும் சேத்து வாங்கினவர். அவர் சேகரிப்புல 786 தையல் சட்டைங்களை நாட்டோட முக்கியமான நாட்டுப்புறச் சொத்துன்னு அரசாங்கம் அறிவிச்சிருக்கு. டோக்கியோ அசாகுசாவுல 2009-ல இருந்து 2019 வரைக்கும் இவரோட போரோ சேகரிப்பை வெச்சு ஒரு மியூசியமும் நடந்துச்சு. முக்கியமா கவனிக்க வேண்டியது, இந்தத் துணியோட சொந்தக்காரங்க இதை வெளிய காட்டவே கூச்சப்பட்டாங்க. வறுமையோட அடையாளம், புது வாழ்வு வந்ததும் எரிச்சாங்க, தூக்கிப் போட்டாங்க. இன்னைக்கு அதே துணி வெளிநாட்டு கேலரிங்கள்ல சட்டம் போட்டுத் தொங்குது. வெளிநாட்டு ஆளா நாம இதை ரசிக்கிறப்ப இதை மறக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன். அழகா இருக்கு, சத்தியமா அழகா இருக்கு, கூடவே அந்த ஒவ்வொரு ஒட்டும் ஒரு குளிர் ராத்திரி. அது தெரியாம வெறும் பேட்ச் டிசைனா மட்டும் பாக்குறது, அதையே மிஷின்ல அச்சடிச்சு ஜாக்கெட்டா விக்கிறது, எனக்குப் பிடிக்கல.

இப்ப அப்படியே தெற்கால இறங்குவோம். கிமோனோ எப்படி வெட்டுறாங்கன்னு பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. தறியில இருந்து வர்ற சுருள் ஒண்ணோட அகலம் சுமார் 36 சென்டிமீட்டர், நீளம் சுமார் 12 மீட்டர். அவ்வளவுதான், அந்த ஒரு சுருள்ல ஒரு ஆளுக்கு கிமோனோ. வளைவா வெட்டுறதே கிடையாது, எல்லாம் நேர்கோட்டு வெட்டு, உடம்புக்கு ரெண்டு, கைக்கு ரெண்டு, முன்னால சேக்குறதுக்கு ரெண்டு, காலருக்கு ரெண்டு, கழிவுன்னு ஒண்ணும் விழாது. ஆளு குண்டா ஒல்லியா எல்லாம் கட்டுறதுலயும் மடிப்புலயும் சரி பண்ணிக்கிறது. இதோட பலன் என்னன்னா, தையலைப் பிரிச்சா அந்தத் துண்டுங்களைத் திரும்ப நீளமா ஒண்ணா இணைச்சுடலாம். அப்படிப் பிரிச்சு, இணைச்சு, துவைச்சு, கஞ்சி போட்டு, பலகையிலயோ மூங்கில் குச்சியிலயோ இழுத்துக் கட்டிக் காய வெச்சு, மறுபடி தைப்பாங்க. நிறம் மங்கினா சாயம் ஏத்திக்கலாம், தேஞ்ச இடத்தை உள்பக்கம் மறைச்சுத் தைச்சுக்கலாம், அம்மாவோடதைப் பொண்ணு அளவுக்கு மாத்திக்கலாம். அதுக்கும் தேறலைன்னா படுக்கை உறை, அப்புறம் குழந்தைக்கு அணைத் துணி, கடைசியில தரை துடைக்கிற துணி.

தரை துடைக்கிற துணின்னதும் ஞாபகம் வருது, ஜப்பான் ஸ்கூல்ல பசங்களே வகுப்பறையைச் சுத்தம் பண்ணுவாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுக்கு வீட்டுல இருந்து ஸோகின் கொண்டு வரச் சொல்லுவாங்க, பழைய டவலை மடிச்சுக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத் தையல் போட்டது. இப்ப கடையிலயே ரெடிமேடா விக்குது, நிறைய பேர் அதைத்தான் வாங்குறாங்க, ஆனாலும் வீட்டுல தைச்சுக் கொடுக்கிறவங்களும் இருக்காங்க.

அதே ஒடுக்கமான அகலத்துல வர்ற இன்னொரு துணி தெனுகுய். நீளம் 90 சென்டிமீட்டர் பக்கம், மெல்லிய பருத்தி, ரெண்டு முனையும் வெட்டினபடியே இருக்கும், மடிச்சு அடிக்க மாட்டாங்க. மடிப்பு இல்லாததால ஈரம் தங்காது, சீக்கிரம் காயும், அவசரத்துக்குக் கையாலயே கிழிச்சு கட்டுப் போடலாம். முகம் துடைக்க, தலையில கட்ட, சாப்பாட்டு டப்பாவைச் சுத்த, சுவத்துல படமா மாட்ட, எல்லாத்துக்கும் இதுதான். நல்ல தெனுகுய் எதுன்னு பாக்க ஒரு வழி இருக்கு, திருப்பிப் பாருங்க. ச்சூசென்னு ஒரு சாய முறை, துணியை மடிப்பு மடிப்பா அடுக்கி, ஒவ்வொரு மடிப்புக்கும் ஸ்டென்சில் வெச்சு பசை தடவி, மேல இருந்து கெட்டில்ல சாயத்தை ஊத்தி, கீழ இருந்து மிஷின் உறிஞ்சும். சாயம் அடுக்கு முழுக்க ஊடுருவிப் போறதால முன்பக்கம் பின்பக்கம் வித்தியாசமே இருக்காது. பின்பக்கம் வெளிறிப் போயிருந்தா அது மேல அச்சடிச்சது.

நீலத்துக்கு வருவோம், ஏன்னா கோகின் துணியில இருந்து இதுவரைக்கும் எல்லாத்துலயும் நீலம்தான் ஓடுது. ஜப்பான்ல அதுக்குப் பெரிய ஊர் தொகுஷிமா, ஷிகோகு தீவுல. அங்க யோஷினோ ஆறு புயல் காலத்துல கரை புரண்டு வரும், நெல்லு வெச்சா அறுவடைக்கு முன்னாடி அடிச்சுக்கிட்டுப் போயிடும். நீலச் செடியை வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே கோடையில வெட்டிடலாம், வெள்ளம் கொண்டு வந்து போடுற வண்டல் அடுத்த வருஷத்துக்கு உரம். ஆறு அவங்களுக்குக் கொடுத்த பயிர் அது. நம்ம அவுரி வேற குடும்பத்துச் செடி, அவங்களோடது வேற, ஆனா ரெண்டுலயும் கிடைக்கிற நீலம் ஒரே நீலம்தான். காய்ஞ்ச இலையைக் குவிச்சு, தண்ணி தெளிச்சு, புரட்டிப் புரட்டி சுமார் 100 நாள் மக்க வைப்பாங்க, குவியல் சூடேறி ஆவி பறக்கும், அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அதைச் சாம்பல் தண்ணி, சுண்ணாம்பு, தவிடு எல்லாம் சேத்துத் தொட்டியில புளிக்க வெச்சாதான் சாயம். துணியை முக்கி எடுத்தப்ப பச்சையா இருக்கும், காத்து பட்டதும் கண்ணு முன்னாடியே நீலமாகும். 1897-ல ஜெர்மனிக்காரங்க செயற்கை நீலத்தை விற்பனைக்கு விட்டாங்க, அதுக்கு அப்புறம் இந்தத் தொழில் படிப்படியா சுருங்கி, இன்னைக்கு இலையை இப்படி மக்க வைக்கத் தெரிஞ்ச குடும்பங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

நம்ம ஊர் சம்பந்தமும் இதுல உண்மையாவே இருக்கு. எடோ காலத்துல, அதாவது 1603-ல இருந்து 1868 வரைக்கும் ஷோகன்கள் ஆண்டப்ப, டச்சுக் கப்பல்ல சோழமண்டலக் கரையில இருந்து கோடு போட்ட பருத்தித் துணி நாகசாக்கிக்குப் போச்சு, நம்ம சாந்தோம் பேர்லயே அதை சான்டோமேன்னு கூப்பிட்டாங்க. ஜப்பான்காரங்க அதுக்கு மயங்கிக் கிடந்தாங்க, அப்புறம் டோக்கியோ பக்கத்துல கவாகோய் மாதிரி ஊர்கள்ல அவங்களே அந்தக் கோடு போட்ட துணியை நெய்ய ஆரம்பிச்சாங்க.

சரி, நீங்க ஜப்பான் போனா எங்க பாக்குறது? கியோட்டோவுல தோஜி கோயில், மாசா மாசம் 21-ம் தேதி சந்தை. 25-ம் தேதி கிதானோ தென்மாங்கு கோயில்ல. டோக்கியோவுல புதுத் துணிக்கு நிப்போரி தெரு. சந்தையில பழைய கிமோனோ குவிச்சுப் போட்டிருப்பாங்க, ஆயிரம் யென்னுக்கும் கிடைக்கும். வெளிநாட்டுக்காரங்க போடலாமான்னு நிறைய பேர் தயங்குறாங்க, தாராளமா போடலாம், பெரும்பாலும் பாட்டிங்க சந்தோஷப்பட்டு வந்து பெல்ட்டை இழுத்துச் சரி பண்ணி விடுவாங்க. ஒரே ஒரு விஷயம், உங்க இடது பக்கத் துணிதான் மேல வரணும், வலது பக்கம் மேல வர்றது இறந்தவங்களுக்கு உடுத்துற முறை. பட்டறைக்குப் போனா கேக்காம துணியில கை வைக்காதீங்க, போட்டோவும் கேட்டுட்டு எடுங்க.

சந்தையில வாங்குறப்ப காலரும் அக்குளும் முதல்ல பாருங்க, அங்கதான் கறையும் தேய்வும் இருக்கும். அப்புறம் உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் ஓரத்துல பழைய ஊசி ஓட்டை வரிசையா தெரிஞ்சா, அது ஏற்கனவே ஒரு தடவை பிரிச்சுத் தைச்சதுன்னு அர்த்தம், அந்த மாதிரி பீஸை விடாதீங்க. அடுத்த வீடியோல அமாமி தீவுக்குப் போய் பட்டு நூலைச் சேத்துல முக்கிக் கறுப்பாக்குறது எப்படின்னு பாக்கலாம்.