இடாப்பில பேர் வெட்டாத ஆக்கள்

(போன 6ஆம் திகதி எங்கட சனசமூக நிலையத்தில பள்ளிக்கூடத்து ஆசிரியர்மாருக்கும் ஊழியர்மாருக்கும் பாராட்டு விழா வைச்சவை, அதில நான் கதைச்சது. பேப்பர் வைச்சுக் கதைக்கேல்ல, ஞாபகத்தில இருந்து எழுதிறன், கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் எனக்குப் பத்து நிமிசம் தந்திருக்கிறார், எங்கட ஊரில மைக்கைப் பிடிச்ச ஆளுக்குப் பத்து நிமிசம் எண்டா எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அதால பிளேன்ரீ குடிக்கிற ஆக்கள் இப்பவே போய்க் குடிச்சிட்டு வாங்கோ.

உலகம் ஆசிரியர் தினத்தை நேற்றே கொண்டாடி முடிச்சிட்டுது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 5இல ஆசிரியர்மாற்ற அந்தஸ்தைப் பற்றி ஒரு பரிந்துரை ஏற்றுக்கொண்டவை, யுனெஸ்கோவும் ஐ.எல்.ஓ எண்ட சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து, 1994இல இருந்து அந்த நாளை உலக ஆசிரியர் தினமாக் கொண்டாடினம். இலங்கையில எங்களுக்கு 6ஆம் திகதி. ஒருநாள் லேட்டா வந்தா வரவு பதியிற இடாப்பில சிவப்பு மை விழும், ஆனா இதுக்கு ஒருத்தரும் போடேல்ல. (இதில முன்வரிசை ரீச்சர்மார் சிரிச்சவை.)

சரி. எங்கட பள்ளிக்கூடக் கேற்றைப் பார்த்திருப்பியள், பெரிய பனர், ஓ.எல் சோதினையில 9 ஏ எடுத்த பிள்ளையளின்ர படம், ஸ்கொலசிப் பாஸ் பண்ணின சின்னனுகளின்ர படம். பிழை எண்டு சொல்லேல்ல, கஸ்ரப்பட்டுப் படிச்ச பிள்ளையள்தான். ஆனா அதே பிள்ளையின்ர படம் மூண்டு ரியூட்டரி மதிலிலையும் தொங்குது, மூண்டு பேரும் தாங்கள்தான் படிப்பிச்சது எண்டு சொல்லினம், உதுக்குள்ள பள்ளிக்கூடத்து ரீச்சர் எங்க எண்டு தேட வேண்டிக் கிடக்கு. ரியூசன் சேருக்கு வாற பிள்ளையத்தான் தெரியும். வராத பிள்ளை ஆர் எண்டு தெரியிறது காலமை எட்டு மணிக்கு இடாப்பு கூப்பிடுற ஆளுக்குத்தான், நான் இண்டைக்குக் கதைக்க வந்ததே அதைப் பற்றித்தான்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கேக்க 95ஆம் ஆண்டு. ஒக்டோபர் 30 ராத்திரி, சண்டை கிட்ட வர, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பிப் போனது உங்களில பாதிப்பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை, மழை, நாவற்குழிப் பாலம், ஒரு அடி வைக்கப் பத்து நிமிசம், ஆடு மாடு, கதிரையில வைச்சுத் தூக்கின கிழவியள். அந்த நெரிசலுக்குள்ள எங்கட பள்ளிக்கூடத்துப் பியோன் அண்ணையும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர், கரியரில ஒரு உரப்பை கட்டியிருந்தது. எங்கட அம்மா பார்த்திட்டு, "பாருங்கோ, அண்ணை அரிசி கொண்டந்திட்டார், நாங்கள்தான் வெறுங்கையோட வந்திட்டம்" எண்டு அப்பாவைப் பேசினவ. பிறகு தென்மராட்சி மீசாலையில வைச்சுத்தான் தெரியும், பைக்குள்ள இருந்தது சேர்விடாப்பு, ஒவ்வொரு வகுப்பு இடாப்பும், சேர்ட்டிபிக்கேற் பைல் கொஞ்சம், பள்ளிக்கூடப் பெல். அரிசி ஒரு சுண்டுகூட இல்லை. அவற்ற வீட்டில அதுக்காக எத்தினை நாள் பேச்சு விழுந்ததோ, அண்ணை அங்க இருக்கிறார், கேட்டா சிரிப்பார்.

சேர்விடாப்பு எண்டா என்ன எண்டு இளம் ஆக்களுக்கு விளங்காது. பிள்ளை முதல் முதல் பள்ளிக்கூடம் வரேக்க பேர், பிறந்த திகதி, தாய் தகப்பன் பேர், சேர்விலக்கம் எல்லாம் எழுதுற பெரிய புத்தகம் அது. இடம்பெயர்ந்ததில வீடு போய், பெட்டி போய், பிறந்த அத்தாட்சிப் பத்திரமும் போன சனத்துக்கு, இந்தத் தேதியில பிறந்தவன் எண்டு கைகாட்டக் கிடைச்சது அந்தப் புத்தகம் ஒண்டுதான். கனடாவில, லண்டனில இருந்து இண்டைக்கும் விடுகைப் பத்திரம் கேட்டுப் போன் எடுக்கிற ஆக்கள் இருக்கினம், அந்த உரப்பை இல்லையெண்டா அவைக்குச் சொல்ல ஒண்டும் இருந்திருக்காது.

தென்மராட்சியில எங்களுக்குப் பின்னேர வகுப்பு. காலமை அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளையள், மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள், இடம் காணாம எங்கட வகுப்பு மாமரத்துக்குக் கீழ. ரீச்சர் முதல்நாள் இடாப்பைத் திறந்து ஒண்டில இருந்து கூப்பிடத் தொடங்கினவ. 38 பேரில பதினொரு பேர்தான் இருந்தம். மிச்சப் பேர் வன்னிக்குப் போட்டினமோ, கொழும்புக்குப் போட்டினமோ, புலிகள் இயக்கத்துக்குப் போட்டினமோ தெரியாது. அவ ஒரு பேரையும் விடேல்ல, ஒவ்வொரு பேரையும் கூப்பிட்டு, சத்தம் வராட்டி எங்கட முகத்தைப் பார்ப்பா, ஆராவது "அவன் கிளிநொச்சியில இருக்கிறான், ரீச்சர்" எண்டுவம், பேருக்குப் பக்கத்தில பென்சிலால சின்னனா எழுதுவா. கனநாள் வராட்டி பேரை வெட்டலாம் எண்டு சட்டம் இருக்கு. 96இல ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அவ வெட்டேல்ல. இது இயக்கத்துக்கும் ஆமிக்கும் இடையில அகப்பட்ட ஒரு ஊரில நடந்தது எண்டதை ஞாபகம் வைச்சிருங்கோ, ஆற்ற பிள்ளை எங்க எண்டு எழுதி வைக்கிறதே ஆபத்தான வேலை, அதாலதான் பென்சில்.

கரண்ட் இல்லாத காலத்தில ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுப் படிச்சது, பங்கருக்குள்ள பாடம் எடுத்தது, அதெல்லாம் கனபேர் கதைச்சிட்டினம், நான் விடுறன்.

வகுப்பில ஆர் இல்லை எண்டு பார்க்கிற இந்தப் பழக்கம் எங்கட ஊருக்குப் புதுசில்லை. 1824இல உடுவிலில மிஷன்காரர் பெட்டையள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் தொடங்கேக்க, வகுப்பில இல்லாத ஆள் பொம்பிளைப் பிள்ளை. 1848இல ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலை திறக்கேக்க, மதம் மாறாமப் படிக்க வழியில்லாத சைவப் பிள்ளை. பிறகு 1870களில பஞ்சம் வந்த நேரம் அவர் கஞ்சித்தொட்டியும் வைச்சவர் எண்டதை நாங்கள் விழாவில மட்டும் சொல்லுறம். 1923இல தொடங்கின சைவ வித்தியா விருத்திச் சங்கம், சனம் இந்துபோர்ட் எண்டு சொல்லுறது, அதுக்காக உழைச்ச இராசரத்தினம் அவர்கள் ஊர் ஊராப் பள்ளிக்கூடம் வைச்சு, திருநெல்வேலியில தாய் தகப்பன் இல்லாத பிள்ளையளுக்கு இல்லமும் நடத்தினவை.

ஆனா எனக்குப் பெரிசாத் தெரியிறது வேற ஆள். ஹன்டி பேரின்பநாயகம். யாழ்ப்பாணக் கல்லூரியில படிப்பிச்சவர், பிறகு கொக்குவில் இந்துவில அதிபர். 1924இல மாணவர் காங்கிரஸ் தொடங்கி, 1927இல காந்தியை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்ட கூட்டம் அவற்ற கூட்டம்தான். அந்த நேரம் சில பள்ளிக்கூடங்களில சில சாதிப் பிள்ளையள் வாங்கில இருக்க ஏலாது, நிலத்தில இருக்கோணும், சில இடத்தில உள்ளுக்கே வர ஏலாது. சம ஆசனம் குடுக்கச் சொல்லி 1930 அளவில கட்டளை வந்தாப் பிறகு பள்ளிக்கூடத்தையே எரிச்சவை எங்கட ஆக்கள். இதை மேடையில சொன்னா முகம் சுளிக்கிற ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம், சுளிச்சா சுளிக்கட்டும். அந்த வாங்கில எல்லாப் பிள்ளையும் இருக்க வேணும் எண்டு நிண்டவையில கனபேர் சம்பளத்துக்குப் படிப்பிச்ச வாத்திமார், சொந்தச் சாதிக்காரரிட்டயே பேச்சு வாங்கினவை.

இப்பத்த கதைக்கு வாறன். நெடுந்தீவுக்குப் போற ரீச்சர்மாரை நினைச்சுப் பாருங்கோ, விடியமுதல் பஸ், பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவானில இறங்கிப் பிறகு கடலில ஒரு மணித்தியாலம் குமுதினிப் படகிலயோ வடதாரகைப் படகிலயோ, சோழகக் காத்து எழும்பின நாளில அலை அடிச்சுச் சீலை முழுக்க ஈரம், அந்த ஈரத்தோடதான் முதல் பாடம். ஒரு ரீச்சர் எனக்குச் சொன்னவ, நாங்கள் போகாட்டி அந்தப் பிள்ளையளுக்கு அண்டைக்குக் கணக்குப் பாடம் இல்லை, வேற ஆள் இல்லை எண்டு. 2022இல பெற்றோல் இல்லாத மாசங்களில மற்ற ஊர் ரீச்சர்மாரும் சைக்கிள் மிதிச்சவை, ஐம்பது தாண்டினவைகூட. அதுக்கு முதல் வருசம் 24 வருசமா இழுபட்ட சம்பள முரண்பாட்டைக் கேட்டு ஒன்லைன் வகுப்பைப் பகிஷ்கரிச்சவை, அப்ப "பிள்ளையளின்ர படிப்பில விளையாடினம்" எண்டு பேசினதில நானும் ஒருத்தன். பிறகுதான் ஒரு சேர் தன்ர சம்பளச் சீட்டைக் காட்டினவர், கடன் கழிச்சு வந்த காசைப் பார்த்து நான் வாயை மூடினன். உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன், சேர்.

ஊழியர்மாருக்கு வாறன். முதல் அடிச்ச நோட்டிசில "ஆசிரியர் கௌரவிப்பு" எண்டு மட்டும் கிடந்தது, நான் சண்டை பிடிச்சுத்தான் மாத்தினது. பியோன் அண்ணையைச் சொல்லியாச்சு. கிளாக் அக்கா, சம்பளம், பென்சன், கல்வி வலயத்துக்குப் போற பைல் எல்லாம் அவவின்ர மேசையிலதான், அவ ஒரு கிழமை லீவில நிண்டா ரீச்சர்மார் தவிச்சுப் போவினம். சாப்பாடு சமைக்கிற அம்மா, எந்தப் பிள்ளை இரண்டாந்தரம் கோப்பையை நீட்டுது எண்டு பார்த்து வைச்சு, அந்தப் பிள்ளையின்ர வீட்டில அடுப்பு எரியேல்ல எண்டு ரீச்சருக்குக் காதில சொன்னவ. ரீச்சர் அண்டைக்குப் பின்னேரமே அந்த வீட்டுப் படலையில போய் நிண்டவ. அதுக்கு சேர்ட்டிபிக்கேற் இல்லை, ஒரு ரிப்போர்ட்டிலயும் வராது.

எங்களுக்கு அடியும் விழுந்தது, அதைச் சொல்லாம விட்டா பொய். "அடிச்சபடியாத்தான் நான் ஆளானன்" எண்டு மேடையில சொல்லுறது இப்ப ஃபாஷன், நான் சொல்ல மாட்டன், அடிக்குப் பயந்து பள்ளிக்கூடம் வராம நிண்டுபோன பெடியனையும் எனக்குத் தெரியும்.

கடைசியா ஒண்டு. பென்சிலால எழுதின ரீச்சர் இதில மூண்டாவது கதிரையில இருக்கிறா. இண்டைக்குப் பின்னேரம் என்னைக் கண்டோண்ண பொன்னாடை, மாலை ஒண்டையும் பற்றிக் கேக்கேல்ல, "உன்ர பக்கத்தில இருந்தவன், இருபத்தேழாம் நம்பர், பல்லு மிதந்த பெடியன், எங்க இருக்கிறான்?" எண்டு கேட்டவ. எனக்குத் தெரியேல்ல. 98க்குப் பிறகு நான் அவனைக் காணேல்ல. அவன்ர பேரை மைக்கில சொல்ல மாட்டன், ஆனா எங்கட பட்ச் ஆக்கள் இதுக்குள்ள இருக்கிறியள். ஆருக்கும் தெரிஞ்சா, கூட்டம் முடிய ரீச்சரிட்டப் போய்ச் சொல்லுங்கோ. கைப்பையில பென்சில் வைச்சிருக்கிறா, நான் பார்த்தனான்.