வராண்டாவில் பந்து தட்டுகிறவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். இதற்கு மேல் வணக்கம் கிடையாது. எனக்கு முன்னால் பேசியவர் வணக்கம் சொல்லவே மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார். பழைய விதிப்படி ஆடிப் பழகியவர் போலிருக்கிறது, நேரம் போனது, புள்ளிதான் ஏறவில்லை.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பீச் வாலிபாலில் வந்த விதி மாற்றங்கள் ஆட்டத்தை வளர்த்தனவா, கெடுத்தனவா? வளர்த்தன என்பது எங்கள் கட்சி. ஆனால் தலைப்புக்குள் போவதற்கு முன்னால் எதிரணித் தலைவர் எறிந்துவிட்டுப் போன ஒரு கல்லை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். "18-க்கு 9 மீட்டரில் ஆடினால் அது வாலிபால். 16-க்கு 8 என்று சுருக்கிய பிறகு நடப்பது வராண்டாவில் பந்து தட்டுவது" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல வார்த்தை, பொய்யாக இருந்தாலும் நல்ல வார்த்தை.

ஐயா, அந்த வராண்டாவை ஒரு தடவை அளந்துவிடுவோமா?

வலைக்கு இந்தப் பக்கம் 8-க்கு 8, அதாவது 64 சதுர மீட்டர். ஆட்கள் இரண்டே பேர். மாற்று ஆட்டக்காரர் கிடையாது, கால் பிசகினாலும் அதே இரண்டு பேர்தான். ஆளுக்கு 32 சதுர மீட்டர். உள்ளரங்க வாலிபாலில் 81 சதுர மீட்டரை ஆறு பேர் பங்கு போடுகிறார்கள், தலைக்கு 13.5. அதாவது சுருக்கிய பிறகும் மணலில் நிற்பவர் உள்ளரங்க ஆட்டக்காரரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காவல் காக்கிறார். 32 சதுர மீட்டர் உங்களுக்கு வராண்டா என்றால், ஐயா, உங்கள் வீட்டு ஹாலை ஒருநாள் எங்களுக்கெல்லாம் காட்டவேண்டும்!

அதுவும் எப்படிப்பட்ட வராண்டா? குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் கொட்டிய வராண்டா. தரையை உதைத்தால் தரை திருப்பி உதைக்கும், ஆளைத் தூக்கிவிடும். மணலை உதைத்தால் மணல் விலகிக்கொள்ளும். பாதி பலம் குழி தோண்டுவதிலேயே போய்விடுகிறது.

இனி அந்த வராண்டாவுக்குள் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். சர்வுக்கு முன்னால் வலையருகே நிற்பவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். இடது கை இடது பக்கத்து எதிரிக்கு, வலது கை வலது பக்கத்து எதிரிக்கு. ஒரு விரல் காட்டினால் பக்கக் கோட்டை ஒட்டி நேரே வருவதை அடைக்கிறேன் என்று அர்த்தம், இரண்டு விரல் என்றால் குறுக்கே வருவதை அடைக்கிறேன். மூடிய முஷ்டி என்றால் நான் குதிக்கவே போவதில்லை, பின்வாங்கி உன்னோடு நிற்பேன். பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டு மிச்ச இடத்துக்குச் சொந்தக்காரர் ஆகிறார். ஒருவர் குதித்து அடைத்துவிட்டால், வலைக்கு இந்தப் பக்கம் காலியாக இருப்பது முழுவதும் ஒரே ஆளின் பொறுப்பு. இதில் இன்னொரு சங்கடம். உள்ளரங்கில் பிளாக்கில், அதாவது குதித்து அடைத்த கையில், பட்ட பந்து கணக்கில் சேராது, மறுபடி மூன்று தொடுகை உண்டு. மணலில் பிளாக்கில் பட்டதே முதல் தொடுகை. பின்னால் இருப்பவர் விழுந்து எடுத்தால் அது இரண்டு. மூன்றாவது தொடுகையில் பந்து வலையைத் தாண்டியாக வேண்டும். கூட்டாளிக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்து அழகாக அடிக்க வழியே கிடையாது.

இதைத்தான் பழைய கோர்ட்டில் 9-க்கு 9-ல் செய்யச் சொன்னார்கள். விளைவு? அடிப்பவருக்கு எப்போதும் ஒரு காலி மூலை இருந்தது. பலமாக அடிக்கக்கூட வேண்டாம், வலையை ஒட்டிக் குறுக்கே மெதுவாக ஒரு கட் ஷாட், கதை முடிந்தது. நீளத்திலும் அகலத்திலும் ஒவ்வொரு மீட்டரை எடுத்ததும், எட்டாத பந்து விரல் நுனிக்கு எட்டியது. கோர்ட் சுருங்கியது, ராலி, அதாவது பந்து விழாமல் அங்கும் இங்கும் போய்வருவது, நீண்டது. வராண்டாவைச் சுருக்கி ஆட்டத்தைப் பெரிதாக்கினார்கள் ஐயா!

சரி, அடுத்தது புள்ளிக் கணக்கு. பழைய சைட்-அவுட் முறையில் சர்வ் போட்டவர் ஜெயித்தால்தான் புள்ளி. எதிரி ஜெயித்தால் சர்வ் மட்டும் கைமாறும். இதை விளக்க ஒரு கதை போதும்.

ஒரு தாத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனார். ஸ்கோர் 8-8. "தாத்தா, யார் ஜெயிக்கிறாங்க?" "எட்டுக்கு எட்டுடா." பந்து அங்கும் இங்கும் பறந்தது, ஒருவர் மணலில் முகம் புதையப் பாய்ந்தார், பந்து விழுந்தது, கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. "இப்போ தாத்தா?" "எட்டுக்கு எட்டு." "அப்புறம் ஏன் எல்லாரும் கை தட்டினாங்க?" "சர்வ் மாறிடுச்சுடா." "மாறினா?" "அடுத்து அடிச்சா புள்ளி." அடுத்ததும் அடித்தார்கள், எதிர்ப்பக்கத்துக்காரர்கள் அடித்தார்கள். "இப்போ?" "எட்டுக்கு எட்டு. சர்வ் பழையபடி மாறிடுச்சு." பேரன் தாத்தா மடியில் படுத்துத் தூங்கிவிட்டான். எழுந்து பார்த்தால் நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. "தாத்தா?" "எட்டுக்கு எட்டு." பையன் நேரே ஸ்கோர்போர்டு ஆளிடம் போனான். "அண்ணே, நானும் தூங்கிட்டேன், நீங்களுமா?"

பொறுங்கள், கதை முடியவில்லை. எட்டுக்கு எட்டில் எப்படி முடியும்? கடைசியில் தாத்தாவுக்குத் தாகம். தண்ணீர் குடிக்க எழுந்து போனார். போன அந்த ஒரு நிமிடத்தில் 9-8 ஆகிவிட்டது. திரும்பி வந்த தாத்தா நம்பவே இல்லை. "நீ ஏதோ சேட்டை பண்ணி பலகையை மாத்திட்டே" என்று பேரன் காதைப் பிடித்துத் திருகினார்!

ராலி முறை வந்ததும் அந்தக் காது தப்பியது. யார் சர்வ் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும் ஒரு புள்ளி. முதல் இரண்டு செட் 21, மூன்றாவது வந்தால் 15, இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும்.

இதில் எதிரணி பேசாமல் விட்ட ஒன்று உண்டு, காற்று. கடற்கரையில் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. புதிதாகப் பார்ப்பவர்கள் காற்று முதுகில் அடித்தால் நல்லது என்று நினைப்பார்கள். ஆடுகிறவர்களைக் கேளுங்கள், எதிர்காற்றுதான் நல்ல பக்கம் என்பார்கள். முகத்தில் காற்று அடித்தால் போட்ட சர்வ் தலைகுனிந்து கோர்ட்டுக்குள் விழும், பலமாக அடித்த பந்தும் உள்ளேயே நிற்கும். முதுகுக் காற்றில் அதே அடி கோட்டைத் தாண்டி மிதந்து போய்விடும். அதனால்தான் பக்கம் மாற்றுகிறார்கள். எதை வைத்து மாற்றுகிறார்கள்? புள்ளியை வைத்து. பழைய முறையில் புள்ளியே ஏறாவிட்டால் பக்கமும் மாறாது. கெட்ட பக்கத்தில் மாட்டியவர் எட்டுக்கு எட்டிலேயே நின்று கொண்டிருக்க வேண்டியதுதான். இன்று ஏழு புள்ளிக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஒருமுறை. ஏழு புள்ளி என்றால் ஏழே ராலி. மணியடித்தாற்போல் பக்கம் மாறுகிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா 1996 அட்லாண்டா ஒலிம்பிக் காலிறுதியைச் சொன்னார். 35 வயது கார்ச் கிராலியும் கென்ட் ஸ்டெஃப்ஸும் ஒருபுறம், கிராலியின் பழைய கூட்டாளியான 39 வயது சின்ஜின் ஸ்மித்தும் கார்ல் ஹென்கலும் மறுபுறம், ஒரே செட், 17-15. "இப்படி ஒரு ஆட்டத்தை ராலி முறையில் காட்டுங்கள்" என்று சவால் விட்டார். அம்மா, அது மகத்தான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தை மகத்தாக்கியது கிராலியும் ஸ்மித்தும். அவர்கள் இருவரையும் ஸ்கோர்போர்டே இல்லாமல் ஆடவிட்டிருந்தாலும் நாம் பார்த்திருப்போம்.

அமெரிக்காவின் தொழில்முறை பீச் வாலிபால் தொடரான ஏவிபியில் மேட்ச் பாயின்ட், அதாவது இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடியும் என்ற நிலை, வந்ததும் 'ஃப்ரீஸ்' என்று பழைய சைட்-அவுட் முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்களே என்றும் கேட்டார். கொண்டுவந்தார்கள். எங்கே? கடைசி வாசற்படியில். தாத்தா கதையை முழுக்கச் சொல்லாமல் கடைசி வரியை மட்டும் சொல்கிறார்கள். அதுவும் ஒரு விதி மாற்றம்தானே அம்மா? எங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

வலையை உரசி இந்தப் பக்கம் செத்து விழும் சர்வுக்கும் புள்ளியா என்று கேட்டீர்கள். அதில் உங்களோடு சேர்ந்து நானும் புலம்புவேன். அடுத்ததற்குப் போகிறேன்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒன்றே ஒன்று.

பெண்கள் என்றால் நீச்சலுடை அளவுக்குத்தான் உடுத்த வேண்டும் என்று இந்த ஆட்டத்தில் ஒரு காலம் இருந்தது. 2012-ல், லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்னால், சர்வதேச வாலிபால் சம்மேளனம் அதைத் தளர்த்தியது. அரைக்கால் சட்டை போடலாம், கை வைத்த சட்டை போடலாம். கோர்ட் ஒரு அங்குலம் மாறவில்லை, பந்து மாறவில்லை, வலை பெண்களுக்கு அதே 2.24 மீட்டர். துணி மட்டும்தான் மாறியது.

நான்கு வருஷம் கழித்து ரியோ. கோபகபானா கடற்கரை. எகிப்திலிருந்து இரண்டு பெண்கள் மணலில் இறங்கினார்கள், தோவா எல்கோபாஷி, நாடா மேவாட். முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை உடை, தோவாவின் தலையில் ஹிஜாப். வராண்டா என்றீர்களே ஐயா! அதுவரை உண்மையிலேயே வராண்டாவில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர்கள் இவர்கள். வீட்டுக்குள் விளையாட்டு நடக்க, உன் உடை சரியில்லை என்று வாசலிலேயே நின்றவர்கள். அன்றைக்குத்தான் உள்ளே வந்தார்கள்.

ஜெயித்தார்களா? இல்லை. எதிரே நின்றவர்கள் ஜெர்மனியின் லாரா லுட்விக்கும் கிரா வால்கன்ஹோர்ஸ்ட்டும், அந்த ஒலிம்பிக்கிலேயே தங்கம் வாங்கப் போகிறவர்கள். 21-12, 21-15. நேர் செட்டில் தோல்வி.

ஆனால் 12-ம் 15-ம் கூட்டிப் பாருங்கள், 27. பழைய கணக்கில் அவற்றில் எத்தனை வெறும் சர்வ் மாற்றமாகக் காற்றோடு போயிருக்கும்! ராலி முறையில் அந்த இரண்டு பெண்கள் மணலில் விழுந்து எடுத்த ஒவ்வொன்றும் பலகையில் ஏறியது. 27 தடவை ஸ்கோர்போர்டு ஆள் எழுந்து எகிப்துக்காக ஒரு எண்ணை மாற்றினார்.

அவர் தூங்கவில்லை ஐயா. வணக்கம்.