பொறுத்த பயிர்

அவைத்தலைவர் அவர்களே, துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, சால்வைக்குப் பதில் விதைநெல் பொட்டலம் தந்த விழாக் குழுவினரே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் விவசாயப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளம், உப்பு, வறட்சி, வெப்பம். இந்த நாலையும் தாங்கும் நெல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பதை நான் எந்த மேடையிலும் விடுவதில்லை. இன்று அது நெல்லுக்கே பொருந்துகிறது.

ஒரு சோதனைத் திடலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி. ஒன்றில் சுவர்ணா என்ற நெல் ரகம், இன்னொன்றில் அதையே வெள்ளம் தாங்கும்படி மாற்றிய சுவர்ணா சப்-1. இரண்டையும் இரண்டு வாரம் தண்ணீருக்குள் மூழ்கடித்திருந்தார்கள். நான் போனது வடித்துவிட்ட அன்று. சுவர்ணா வெளிறி, நூலாய் நீண்டு, வேகவைத்த கீரைபோலச் சேற்றில் படுத்துக் கிடந்தது. சப்-1 குட்டையாக, சேறு பூசிக்கொண்டு நின்றது. ‘இதுவும் செத்ததுதான்’ என்றேன். கூட வந்த பெரியவர் குனிந்து தூரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பச்சை! ‘ஐயா, அவன் மூச்சுக்குத் தலையைத் தூக்கித் தூக்கியே கைச்சோற்றைத் தீர்த்துவிட்டான். இவன் பேசாமல் படுத்துவிட்டான்’ என்றார். விஞ்ஞானமும் அதுதான். மூழ்கிய பயிரில் எத்திலீன் என்ற வாயு சேரும்; சாதாரண நெல் உடனே நீளும், சேமித்த மாவுச்சத்து காலியாகும். சப்-1ஏ மரபணு அந்த வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துகிறது. பொறுத்தார் பூமி ஆள்வார்!

இந்த மரபணு எங்கிருந்து வந்தது? ஒடிசா விவசாயிகள் வைத்திருந்த பழைய நெல்லிலிருந்து. அதில் தேர்ந்தெடுத்ததுதான் எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம். மரபணுவை அடையாளம் கண்டு 2006-ல் வெளியிட்டார்கள். சுவர்ணாவோடு திரும்பத் திரும்பக் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த மரபணு இருப்பதைக் காட்டும் அடையாளத்தைப் பார்த்துப் பொறுக்கி உருவாக்கிய சுவர்ணா சப்-1, 2009-ல் இந்தியாவில் ரகமாக வந்தது. வேற்று உயிரின் மரபணு எதுவும் இதில் இல்லை.

உப்புக்கும் இதே கதைதான். சால்டால் என்ற மரபுப் பகுதி கேரளத்துப் பொக்காளி நெல் கொடுத்தது. உப்பிலுள்ள சோடியம் இலைக்கு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளும். வறட்சிக்கு ஆழ வேர் விடும் டி.ஆர்.ஓ.1 மரபணு... சரி, தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வறட்சியும் வெப்பமும் இன்னொரு கூட்டத்துக்கு.

நான் விடாமல் கேட்பது ஒன்றுதான். விதை மூட்டையில் நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மரபணு தந்த பழைய ரகத்தின் பெயரை ஏன் அச்சடிக்கக் கூடாது? பழைய ரகங்களைக் காத்த விவசாயிக்கு அங்கீகாரமும் பரிசும் உண்டு என்று 2001-ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. மூட்டையில் ஒரு வரி போட என்ன செலவாகிவிடும்? பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பயிருக்குச் சரி. இந்த விஷயத்தில் நான் பொறுப்பதாக இல்லை.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். போன கூட்டத்தில் மூன்று பேனா போய்விட்டது. துணைவேந்தர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும்.