மொனகனில் விழுந்த ஒரு கோல்

பெரியவர்களே, நண்பர்களே, வணக்கம்.

இந்த அரங்கில் கால்பந்து பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். லிவர்பூல், ஆர்சனல் ஆட்டத்துக்காக நடுராத்திரி வரை கண்விழிக்கிறவர்களும் இருப்பீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது அயர்லாந்தின் உள்ளூர் லீக். அதிலும் அதன் இரண்டாம் பிரிவு. அதிலும் ஒரே ஒரு வருடம், 2010. அந்த வருடம் அந்தப் பிரிவில் டெர்ரி சிட்டி என்ற அணி ஆடியது. இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஒரு மாலைப்பொழுதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன் என்றால், அது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அயர்லாந்து லீக்கில் மேல் பிரிவுக்கு பிரிமியர் டிவிஷன் என்று பெயர். அதற்குக் கீழே உள்ள இரண்டாம் பிரிவைத்தான் ஃபர்ஸ்ட் டிவிஷன் என்கிறார்கள். 1985 வரை எல்லா அணிகளும் ஒரே பிரிவில்தான் ஆடின. அந்த வருடம் லீக்கை இரண்டாகப் பிரித்தார்கள்: மேலே 12 அணி, கீழே 10 அணி. கீழ்ப் பிரிவின் முதல் சாம்பியன் பிரே வாண்டரர்ஸ். 2003-க்குப் பிறகு அங்கே குளிர்காலத்தில் லீக் ஆட்டம் கிடையாது. பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி, கோடை முழுக்க ஆடி, இலையுதிர் காலத்தில் முடிப்பார்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம். கீழ்ப் பிரிவில் ஆடுபவர்களில் பலர் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள்.

சரி, 2010-இல் அந்தக் கீழ்ப் பிரிவில் யார் யார் இருந்தார்கள்? மொத்தம் 12 அணி, ஆளுக்கு 33 ஆட்டம். கால்வே நகரத்திலிருந்து மட்டும் மெர்வ்யூ யுனைடெட், சால்ட்ஹில் டெவன் என்று இரண்டு சின்ன அணிகள். தெற்கே வெக்ஸ்ஃபோர்டிலிருந்து, லீக்குக்கு வந்து நான்காவது வருடத்தில் இருந்த வெக்ஸ்ஃபோர்டு யூத்ஸ். லாங்ஃபோர்டு, அத்லோன், லிமரிக், வாட்டர்ஃபோர்டு, மொனகன், ஃபின் ஹார்ப்ஸ். மீதி மூன்று பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்: கார்க் சிட்டி, ஷெல்பர்ன், டெர்ரி சிட்டி.

2005-இல் அயர்லாந்தின் சாம்பியன் கார்க். கடைசி நாள் ஆட்டத்தில் டெர்ரியை நேருக்கு நேர் தோற்கடித்துத்தான் பட்டம் வாங்கினார்கள். 2006-இல் சாம்பியன் ஷெல்பர்ன். அந்த முறையும் டெர்ரி இரண்டாம் இடம், புள்ளிகள் சமமாக இருந்தும் கோல் வித்தியாசத்தில் பட்டம் போனது. அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் நாட்டின் உச்சியில் முட்டிமோதிய மூன்று அணிகளும், நான்கே வருடத்தில் சால்ட்ஹில் டெவனோடு ஆட இரண்டாம் பிரிவுக்கு வந்துவிட்டன. மூன்றில் ஒன்றுகூட மேல் பிரிவில் கடைசி இடம் பிடித்ததால் முதலில் கீழே இறங்கவில்லை. மூன்றையும் இறக்கியது பணம்.

அயர்லாந்தில் அப்போது பணம் புரண்ட காலம். வீடு, நிலம், வங்கிக்கடன் என்று நாடே வீங்கியிருந்தது. கால்பந்து அணிகளும் வாரச் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போயின. டிக்கெட் வருமானம் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. ஷெல்பர்ன் பட்டம் வென்ற கையோடு, நிதிநிலை சரியில்லை என்று 2007-இல் கீழ்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. கார்க் சிட்டியை நடத்திய நிறுவனம் 2010 தொடக்கத்தில் கடனால் கலைக்கப்பட்டது. ரசிகர்களே கூட்டுறவு அமைப்பாகச் சேர்ந்து, ஒரு அணியைத் திரட்டி, அந்த வருடமே கீழ்ப் பிரிவில் இறக்கினார்கள். அந்த ரசிகர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது. அவர்கள் கதைக்குத் தனியாக ஒரு கூட்டம் போடலாம்.

டெர்ரியின் தவறு வேறு மாதிரி. அணிகள் தங்கள் வருமானத்தில் 65 சதவீதத்துக்கு மேல் சம்பளத்துக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. லீக்கில் பதிவு செய்த ஒப்பந்தத்துக்கு வெளியே, ஆட்டக்காரர்களோடு இரண்டாவதாக ஒரு ஒப்பந்தம் போட்டு டெர்ரி பணம் கொடுத்துவந்தது தெரியவந்தது. 2009 நவம்பரில் அயர்லாந்து கால்பந்து சங்கம் டெர்ரியை லீக்கிலிருந்தே நீக்கியது. நான் டெர்ரியின் பக்கம் நிற்கிறவன். ஆனாலும் அந்தத் தண்டனை தப்பு என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஊருக்கு அந்தச் செய்தி எப்படி விழுந்திருக்கும் என்பது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இங்கே நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெர்ரி இருப்பது வடக்கு அயர்லாந்தில். அதாவது பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதியில். ஊரின் பெயரே சண்டைக்குரியது: ஒரு சாரார் டெர்ரி என்பார்கள், இன்னொரு சாரார் லண்டன்டெர்ரி என்பார்கள். ஊரிலிருந்து சில கிலோமீட்டர் போனால் எல்லை; அதைத் தாண்டினால் அயர்லாந்துக் குடியரசின் டோனகல் மாவட்டம். 1928-இல் தொடங்கிய டெர்ரி சிட்டி, வடக்கு அயர்லாந்தின் லீக்கில்தான் ஆடியது. 1965-இல் அந்த லீக்கின் சாம்பியனும் ஆனது. அவர்களுடைய மைதானம் பிராண்டிவெல். கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் போக்சைடு, கிரெகன் பகுதிகளை ஒட்டியது. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்ட சட்டை. மைதானத்துக்கு மேலே குன்றுச் சரிவில் ஊரின் பெரிய கல்லறைத் தோட்டம். டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் அங்கே நின்று ஆட்டம் பார்ப்பார்கள்.

1960-களின் கடைசியில், பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று பிளவுபட்டிருந்த வடக்கு அயர்லாந்தில் கலவரம் தொடங்கியது. 1971 செப்டம்பரில் ஆட வந்த பாலிமீனா அணியின் பேருந்தைச் சில இளைஞர்கள் பறித்துக் கொளுத்திவிட்டார்கள். அதோடு பிராண்டிவெல்லில் ஆட்டம் கூடாது என்று தடை. 'சொந்த மைதான' ஆட்டத்துக்கு டெர்ரி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி கோல்ரேனுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில், அந்தச் சாலையில், எந்த ரசிகன் போவான்? அடுத்த ஜனவரி 30-ஆம் தேதி, அதே போக்சைடில், ஊர்வலம் போன மக்கள் மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு 13 பேர் அன்றே இறந்தார்கள். அடிபட்டவர்களில் இன்னொருவர் பின்னர் இறந்தார்.

அதே 1972-இல், பிராண்டிவெல்லில் ஆடலாம் என்று பாதுகாப்புத் துறையே சொன்னது. ஆனால் முடிவு மற்ற அணிகளின் கையில் இருந்தது. ஓட்டெடுத்தார்கள். ஒரே ஒரு ஓட்டில் டெர்ரி தோற்றது. 1972 அக்டோபர் 13-ஆம் தேதி டெர்ரி சிட்டி லீக்கை விட்டு வெளியேறியது.

அதற்குப் பிறகு 13 வருடம். ஒரு நகரத்தின் பெரிய அணி, சனிக்கிழமை காலையில் ஆடும் உள்ளூர் சிறு லீக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1972-இல் பிறந்த பிள்ளைக்கு மீசை அரும்பும் வயது வரும்வரை, பிராண்டிவெல்லில் ஒரு பெரிய ஆட்டம் கிடையாது. திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பலமுறை விண்ணப்பித்தார்கள். எங்கள் மைதானம் பிராண்டிவெல்தான் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மறுப்பு.

அப்புறம் நான்கு பேருக்கு ஒரு யோசனை வந்தது: டெரி ஹார்கின், டோனி ஓ'டோஹர்ட்டி, ஈமன் மெக்லாக்லின், எடி மஹோன். வடக்கு சேர்த்துக்கொள்ளாவிட்டால் தெற்கே கேட்போம் என்றார்கள். எல்லை தாண்டி, இன்னொரு நாட்டு லீக்கில். அதற்கு வடக்கு அயர்லாந்து சங்கம் சம்மதிக்க வேண்டும், உலகச் சங்கம் அனுமதிக்க வேண்டும். அவர்கள் அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் தெற்கே லீக்கை இரண்டாகப் பிரிக்கும் பேச்சு நடந்தது. கீழ்ப் பிரிவை நிரப்பப் புது அணிகள் தேவைப்பட்டன. அங்கே டெர்ரிக்கு ஒரு இடம் கிடைத்தது.

நான் முதலில் சொன்ன 1985 என்ற வருடம் இப்போது வேறு மாதிரி தெரிகிறதா? இரண்டாம் பிரிவு என்ற ஒன்று பிறந்ததால்தான் டெர்ரிக்குக் கால்பந்து திரும்பி வந்தது. 1985 செப்டம்பர் 8-ஆம் தேதி பிராண்டிவெல்லில் ஹோம் ஃபார்ம் அணியோடு முதல் ஆட்டம், 3-1 என்று வெற்றி. காவல்துறையை உள்ளே விட்டால் அதுவே பிரச்சினையாகும் என்பதால், ஊர் மக்களே தொண்டர்களாக நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஐரோப்பியச் சங்கம் தனி அனுமதி கொடுத்தது. வெளியூர் ஆட்டம் என்றால் டெர்ரி ரசிகர்கள் பேருந்து பேருந்தாக எல்லைச் சோதனைச்சாவடிகளைத் தாண்டிப் போனார்கள். 1987-இல் கீழ்ப் பிரிவின் சாம்பியன். 1989-இல் லீக், கோப்பை, லீக் கோப்பை மூன்றும் ஒரே பருவத்தில். அந்த இலையுதிர் காலத்தில் போர்ச்சுகலின் பெரிய அணியான பென்ஃபிகா பிராண்டிவெல்லுக்கு வந்து ஆடியது.

இப்படித் தவம் கிடந்து வாங்கிய இடத்தைத்தான் 2009-இல் பறிகொடுத்தார்கள். இந்த முறை யாரும் அநியாயமாகப் பிடுங்கவில்லை, சொந்தக் கணக்குப் புத்தகத்தாலேயே போனது. அதுதான் இன்னும் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய நிறுவனம் கடனோடு மூடப்பட்டது. புதிய நிறுவனம் பதிவாகி, மீண்டும் விண்ணப்பித்து, 2010-க்கு ஃபர்ஸ்ட் டிவிஷனில் இடம் வாங்கியது. இரண்டாவது முறையாக அதே வாசல்.

ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஒப்பந்தம் செல்லாது என்றான பிறகு அவர்களைக் குறை சொல்ல முடியாது, குடும்பம் இருக்கிறது. பயிற்சியாளர் ஸ்டீபன் கென்னி போகவில்லை. அவர் டப்ளின்காரர். 2006-இல் இதே டெர்ரியை ஐரோப்பியப் போட்டிக்குக் கூட்டிப்போய், ஸ்வீடனின் கோத்தன்பர்க் அணியை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்து, பாரிஸ் சென்ட் ஜெர்மேனை பிராண்டிவெல்லில் 0-0 என்று நிறுத்தியவர். அந்த மனிதர் 2010-இல் ஊர்ப் பையன்களை வைத்துக்கொண்டு மெர்வ்யூவுக்கும் அத்லோனுக்கும் பேருந்து ஏறினார். கார்க் போக ஒரு வழிக்கு மட்டும் நானூறு கிலோமீட்டர். நள்ளிரவு தாண்டி வீடு திரும்புவார்கள். பின்னாளில் டண்டாக் அணியோடு அவர் வாங்கிய பட்டங்களையும், அயர்லாந்து தேசிய அணிக்குப் பயிற்சியாளரானதையும் பேசுகிறவர்கள், இந்த ஒரு வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த வருடத்தால்தான்.

அந்த ஊர்ப் பையன்களில் ஒருவர் கிரெகனில் வளர்ந்த ஜேம்ஸ் மெக்லீன், 21 வயது. இடது ஓரத்தில் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினால் பின்காப்பாளர்கள் தடுமாறுவார்கள். மறு வருடம் ஆகஸ்டில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து அணி அவரை வாங்கிக்கொண்டது. 2012-இல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்குப் போன அயர்லாந்து அணியில் அவர் இருந்தார்.

இன்னொருவர் மார்க் ஃபாரன். எல்லைக்கு அந்தப் பக்கம், டோனகல்காரர். 2003-இலிருந்து டெர்ரியின் முன்கள ஆட்டக்காரர். 2005-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்று சக ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுத்தவர். வேறு இடம் தேடியிருக்கலாம். ஆனால் கீழ்ப் பிரிவிலும் டெர்ரி சட்டையிலேயே ஆடினார்.

அந்தப் பருவத்தின் எல்லா ஆட்டங்களையும் நான் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. பாலிபோஃபேயில் இருக்கும் ஃபின் ஹார்ப்ஸ் பக்கத்து ஊர் எதிரி என்பதால், அவர்களோடு ஆடிய இரவுகளுக்கு மட்டும் தனிச் சூடு இருக்கும். ஒன்றைச் சொன்னால் போதும்: சாம்பியன் ஆகிற அணி நேராக மேலே போகும், அடுத்த இடங்களில் இருப்பவர்கள் தனிச் சுற்று ஆடித்தான் வாய்ப்புத் தேட வேண்டும். 32 ஆட்டம் முடிந்தும் யார் சாம்பியன் என்று தெரியவில்லை. கடைசி ஆட்டம் மொனகனில், 2010 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை இரவு.

மொனகன் மாவட்டம் எல்லையை ஒட்டியது. மைதானம் இருக்கும் இடம் கோர்ட்டகீகன். மொனகன் யுனைடெட் சாதாரண அணி அல்ல, அந்த வருடம் மேல் வரிசையில் நின்றவர்கள். டெர்ரி 1-0 என்று வென்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் மார்க் ஃபாரன். நீக்கப்பட்டு ஒரு வருடம் ஆவதற்குள் டெர்ரி மேலே போய்விட்டது. அடுத்த பருவத்தில் பிரிமியர் டிவிஷனில் மூன்றாம் இடம், கூடவே லீக் கோப்பை.

ஃபாரன் 2012-இல், டெர்ரியின் முன்னாள் ஆட்டக்காரர் லியாம் கோய்லின் 112 லீக் கோல் சாதனையைத் தாண்டினார். மொத்தம் 114 கோல், 1985-இல் தெற்கு லீக்குக்கு வந்த பிறகு டெர்ரிக்காக ஒருவர் அடித்த லீக் கோல்களில் அதுதான் அதிகம். அதில் கோத்தன்பர்க், பாரிஸ் கணக்கெல்லாம் சேராது. சேர்வது வெள்ளிக்கிழமை இரவுக் கோல்கள். அத்லோன், லாங்ஃபோர்டு போன்ற ஊர்களோடு மோதிய அந்த 2010-ம் அதில் அடக்கம்.

2016 பிப்ரவரியில், மூளைக் கட்டியால், 33 வயதில் அவர் இறந்துபோனார். அவர் அணிந்தது 18-ஆம் எண். அந்தச் சட்டையை டெர்ரி சிட்டி அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.