பழைய ராணுவ வண்டி: இன்ஜினைத் தொடுறதுக்கு முன்னாடி

[காட்சி: துரு ஏறின ஜீப் சக்கரம், ரொம்பக் கிட்டத்துல. ஒரு விரல் நட்டுகளை ஒவ்வொண்ணா எண்ணுது.]

இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. நடுவுல ஹப்பைச் சுத்தி 5 நட்டு. அதுக்கு வெளியே, ரிம் ஓரமா இன்னொரு வட்டம், அதுல 8 நட்டு. இரண்டாம் உலகப் போர் கால வில்லிஸ் ஜீப்போட 'காம்பாட் ரிம்' இது. சக்கரத்தைக் கழட்ட அந்த 5 நட்டு போதும். வெளி வட்டத்துல இருக்கிற 8 நட்டும் ரிம்மோட ரெண்டு பாதியைச் சேர்த்துப் பிடிச்சிருக்கு. டியூப்ல காத்து இருக்கும்போது அதைக் கழட்டினா, டன் கணக்குல அழுத்தம் அந்த ரெண்டு பாதியையும் பிச்சுத் தள்ளும். டயரைப் பிரிக்கணும்னா முதல்ல வால்வு பின்னைக் கழட்டி வெளியே எடுங்க. டயர் சப்பையாத்தானே இருக்குன்னு நம்பாதீங்க. அந்த வால்வு பின் ஒரு கையில இருந்தாத்தான் இன்னொரு கை ஸ்பேனரைத் தொடலாம்.

அப்புறம், இந்த ஜீப்புல இடது பக்கச் சக்கர நட்டுக்கெல்லாம் இடது மரை. வழக்கமான திசையில திருப்பினா கழலாது, இன்னும் இறுகும். துருதான் பிடிச்சிருக்குன்னு ஸ்பேனர்ல நீளமா ஒரு பைப்பைச் செருகி, ஏறி மிதிச்சு, ஸ்டட்டையே முறிச்சவங்க நிறைய பேர். நானும் ஒண்ணு முறிச்சிருக்கேன்.

[காட்சி: தார்ப்பாய் விலகுது. முழு வண்டி.]

ராணுவம் கழிச்சுவிட்ட வண்டியை வாங்கினதும் எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: இன்ஜின் சத்தத்தைக் கேட்கணும். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிடுவேன். இந்த வண்டிங்க ஓடித் தேஞ்சதை விட, நின்னு கெட்டதுதான் அதிகம். "மீட்டர்ல ஓட்டமே கம்மி"ன்னு விக்கிறவர் பெருமையாச் சொன்னா, எத்தனை வருஷம் ஒரே இடத்துல நின்னுச்சுன்னு திருப்பிக் கேளுங்க.

நின்ன வண்டியில முதல்ல போறது பிரேக். அந்தக் கால ஜீப்புல நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். எம்35 மாதிரி பின்னாடி வந்த பெரிய லாரிகள்லயும் காத்தழுத்த உதவி இருந்ததே தவிர, ஆயில் லைன் ஒண்ணுதான். ஒரு ரப்பர் ஹோஸ் வெடிச்சா எல்லாச் சக்கரத்துலயும் ஒரே நேரத்துல பிரேக் இல்ல. மிஞ்சுறது ஹேண்ட் பிரேக். அதுவும் சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிச்சு அனுப்புற கியர் பெட்டி) பக்கம் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும்.

அதனால ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர் கப் எல்லாத்தையும் பார்க்காமலே மாத்திடுங்க. புதுசா வாங்கினதைத்தான் போடணும். ராணுவ மெழுகுத்தாள்ல சுத்தி, பெட்டி பிரிக்காம வர்ற பழைய ஸ்டாக்கைப் பார்த்து நான் ஒரு தடவை மயங்கிட்டேன். பெட்டி அவ்வளவு அழகு. மாட்டின ரெண்டாவது வாரமே கசிவு. ரப்பர் பெட்டிக்குள்ள இருந்தாலும் வயசாகும். பேரிங், கியர் மாதிரி இரும்புச் சாமான்னா பழைய ஸ்டாக்கைத் தைரியமா எடுக்கலாம்.

பிரேக் ஆயில்ல ஒரு சிக்கல் இருக்கு. அமெரிக்க ராணுவம் 1980-கள்ல சிலிக்கான் ஆயிலுக்கு, அதாவது டாட் 5-க்கு மாறிடுச்சு. அது சாதாரண வண்டிகள்ல ஊத்துற டாட் 3, டாட் 4 ஆயில் கூடச் சேரவே சேராது. டாட் 5.1-னு ஒண்ணு கிடைக்கும், பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, அது டாட் 4 வகையறா. உள்ளே என்ன இருக்குன்னு உறுதியாத் தெரியலைன்னா எல்லாத்தையும் வடிச்சு, ரப்பரை மாத்தி, ஒரே வகையை ஊத்துங்க.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்னே வெச்சுக்கிட்டு, நனைச்சுத் துடைங்க.

[காட்சி: மங்கின மீட்டர், பழுப்பேறின முள்.]

டேஷ்போர்டையும் அப்படித்தான் பார்க்கணும். இருட்டுல தெரியறதுக்காக அந்தக் காலத்து மீட்டர், ரேடியோ டயல்ல ரேடியம் பூசியிருப்பாங்க. இப்ப ஒளிராதே, அப்ப ஒண்ணுமில்லன்னு தோணும். ஒளிர்ற பூச்சுதான் செத்துப்போச்சு. ரேடியத்தோட அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம், அது அப்படியேதான் இருக்கு. கண்ணாடியைக் கழட்டாதீங்க, முள்ளைச் சுரண்டாதீங்க.

வயரிங்குக்கு வருவோம். போர்க்கால ஜீப் 6 வோல்ட். 1950-ல வந்த எம்38 ஜீப்புல இருந்து 24 வோல்ட். 6 வோல்ட்ல அதே வாட்டுக்கு 12 வோல்ட்டை விட ரெண்டு மடங்கு கரண்ட் ஓடணும். 35 வாட் பல்பு 12 வோல்ட்ல 3 ஆம்பியர் எடுக்கும், 6 வோல்ட்ல 6 ஆம்பியர் கிட்ட. செல்ஃப் மோட்டார் எவ்வளவு எடுக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. முன்னாடி வெச்சிருந்தவர் சாதாரண கார் பேட்டரி கேபிளைப் போட்டிருப்பார். செல்ஃப் முக்கும், நாம பேட்டரி மேல பழி போடுவோம். விரல் தடிமன் கேபிள் போட்டு, எர்த் பட்டை உட்கார்ற இடத்தைப் பளபளன்னு தேய்ச்சாலே பாதி வியாதி தீரும்.

24 வோல்ட் வண்டியில வேற மாதிரி கூத்து. ரெண்டு 12 வோல்ட் பேட்டரி தொடர்ச்சியா இருக்கும். பாட்டுக் கேட்க ஒரு செட்டை வாங்கி, ஒரு பேட்டரியில இருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்திருப்பாங்க. அந்தப் பேட்டரி எப்பவும் அரைச் சார்ஜ்ல காயும், பக்கத்துப் பேட்டரி அளவுக்கு மீறி ஏறி வேகும். ரெண்டுமே சீக்கிரம் போயிடும். 24-ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் ஒண்ணைப் போடுங்க.

சந்தேகம் வந்தா மேனுவலைத் திறங்க. ஜீப்புக்கு 1944 பிப்ரவரியில வந்த டிஎம் 9-803 இருக்கு. முன்னப்பின்ன ஸ்பேனரே பிடிக்காத சிப்பாய்க்காக எழுதினது, அதனாலயே நமக்கு நல்லாப் புரியும். ராணுவப் பராமரிப்பைப் படக்கதையாவே சொல்லித் தந்த பிஎஸ் பத்திரிகை 1951-ல தொடங்குச்சு, அதுக்கு 20 வருஷம் படம் போட்டவர் காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர்.

பாகம் தேடும்போது பெட்டி லேபிள்ல 13 இலக்க ராணுவ ஸ்டாக் எண் தெரியும். முதல் 4 இலக்கம் சாமானோட வகை. 2530-ன்னா பிரேக், ஸ்டீயரிங், ஆக்சில் பக்கம். பழைய பெட்டியில 11 இலக்கம்தான் இருக்குன்னா பயப்படாதீங்க, நாலாவது இலக்கத்துக்கு அப்புறம் 00 சேர்த்தா 13 வந்துடும். பேரிங்குக்கு இதெல்லாம் வேண்டாம், வளையத்துல வெட்டியிருக்கிற நம்பரைச் சொன்னாலே போதும்.

[காட்சி: கழட்டின ஸ்பார்க் பிளக்குகள், வரிசையா.]

இப்ப இன்ஜின். செல்ஃபை அமுக்காதீங்க. பழைய பெட்ரோலை வடிச்சாச்சா? பிளக் நாலையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் ஆயில் விட்டு ரெண்டு மூணு நாள் ஊற விடுங்க. அப்புறம் முன்னாடி ஹேண்டிலைச் செருகி, கையால மெதுவாச் சுத்துங்க. இறுகி நின்னா முரட்டுத்தனம் வேண்டாம், இன்னும் ஊறட்டும். செல்ஃப் போட்டா அந்த இறுக்கம் தெரியாது, பிஸ்டன் ரிங் உடையற சத்தம்தான் கேட்கும்.

நாலு சுத்து லேசா வந்துடுச்சுன்னா பிளக்கை மாட்டுங்க. ஹேண்டிலைக் கீழே அமுக்காம, மேல் நோக்கி இழுங்க. கட்டை விரலை மத்த விரல்களோட ஒரே பக்கமா வெச்சுக்கோங்க. இன்ஜின் திருப்பி உதைச்சா ஹேண்டில் கையை விட்டு நழுவிப் போகட்டும். கட்டை விரல் அந்தப் பக்கம் சுத்திப் பிடிச்சிருந்தா, எலும்பு முறியும்.